வேனில் பாட்டு! காவலுக்கு ஒரு பியூஸ்!

சிவகாசியை ஒட்டியுள்ளது விஸ்வநத்தம். பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர். ஒரு சிறு பொறி என்ன செய்யும் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும்.

சுற்றுலா வேனில் தாமே பாட்டுக் கருவி அமைப்போரும் அதை மறக்கக் கூடாது. 12 வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால், உறை தேய்ந்த வயர் வண்டித் தகரத்தில் பட்டால், மின்சாரம் பெருகிப் பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும்!

இதைத் தடுப்பது பியூஸ். 60 வாட் இழுக்கும் ஆம்பிளிபயருக்கு 5 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். வயர் அதைத் தாங்கும் தடிமனில் இருக்கட்டும். பியூசைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. தகரத்துளையில் ரப்பர் வளையம் மாட்டினால் வயர் தேயாது.

பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். பியூஸ் போனால் சில ரூபாய். வேனில் தீப்பிடித்தால்?