வீட்டையே பள்ளியாக்கிய ஆபிரகாம் பண்டிதர்

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் நந்திதுர்க் வீட்டுத் திண்ணையில் பேத்தி பாட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சரளி, ஜண்டை வரிசைகள் முடிந்து கீதம் தொடங்கியிருக்கிறாள். திடீரென நிறுத்தி, "தாத்தா, இதுக்கு அர்த்தம் என்ன? தமிழ்ல முதல் பாடமே கிடையாதா?" என்றாள்.

அவள் படிப்பது புரந்தரதாசர் வகுத்த பாடமுறை. நம்மை வாழவைக்கும் கன்னட மண் இசைக்கு அளித்த பெருங்கொடை அது. போற்றிப் படிக்க வேண்டியதே. ஆனால் குழந்தையின் இரண்டாவது கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே பதில் சொன்ன ஓர் ஆசிரியரைப் பற்றி அன்று அவளுக்குச் சொன்னேன். அதையே நம் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஆபிரகாம் பண்டிதர் 1859-ல் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். திருமணத்துக்குப் பின் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் மனைவி ஞானவடிவு பொன்னம்மாள் தலைமையாசிரியை, இவர் தமிழாசிரியர். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த காலம் அது!

1890-ல் பள்ளி வேலையை விட்டுச் சித்த வைத்தியத்தில் முழுமையாக இறங்கினார். கருணானந்தர் என்ற முனிவரிடம் கற்ற வைத்தியம் அது. மருந்தில் பெரும்பொருள் சேர்ந்தது. ஆனால் வாத்தியார் குணம் போகவில்லை. இசை படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருள் புரிய வேண்டுமென்று, தமிழிலேயே கீதம் முதலிய பாடங்களை இயற்றி, சுரக்குறிப்புடன் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற நூலாக வெளியிட்டார். என் பேத்தி கேட்டது இதைத்தானே!

1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களை அழைத்துத் தம் சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்று பலரும் சொல்லிவந்ததை மறுத்து, சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் துணைகொண்டு 24 என்று வாதிட்டார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை விளக்க, மரகதவல்லி அம்மாள் உள்ளிட்ட அவர் வீட்டுப் பெண்கள் அதைப் பாடிக் காட்டினார்கள். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூல் வெளிவந்தது. 1919-ல் அவர் மறைந்தார். மகன் வரகுணபாண்டியன் பின்னாளில் யாழைப் பற்றி நூல் எழுதினார்.

சுருதிக் கணக்கில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க எனக்கு ஞானம் போதாது. என் மனத்தில் நிற்பது பரோடா மேடைதான். அங்கே அவருக்குச் சாட்சியாக நின்றவர்கள் அவர் வீட்டில் கற்ற பெண்கள்!

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். 2001-ல் சுரங்கம் மூடிய பின், நம் பிள்ளைகளில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். லைன் வீடுகளில் இன்றும் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்? பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கட்டும், அது பிழைப்புக்கு வேண்டும். தமிழைச் சொல்லித்தர வீட்டில் நாம் இருக்கிறோமே!

பண்டிதரிடம் இருந்த பொருளும் புலமையும் நமக்கில்லை. மாலையில் அரைமணி நேரம் உண்டு. ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிமார்க்கு அதற்கும் மேலேயே உண்டு. இப்போது எங்கள் வீட்டில் சாதகம் முடிந்ததும் பேத்தி சிலேட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். நேற்று 'ழ' எழுதினாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் வாய்விட்டுத் திருத்தமாகச் சொன்னாள்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இன்று மாலையே தொடங்கலாமே!