கரிசல் மனையில் மண்வேலை

மகாராஷ்டிரத்தில் மனை வாங்கி வீடு கட்ட முனையும் நம்மவர் முதலில் கருத வேண்டியது மண்ணையே. தக்காணத்துக் கரிசல் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மீது நேரே எழுப்பிய சுவரும் உடன் வெடிக்கும். ஆதலின் கரிசலை அகற்றி, 'முரூம்' எனப்படும் சரளைமண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குவது வழக்கம்.

இதற்கு உள்ளூர் ஒப்பந்தக்காரரே தக்கவர். எத்தனை அடியில் கெட்டித்தரை வரும் என்பதைப் பக்கத்து மனைகளைத் தோண்டியவர் அறிவார். ஆயினும் பேச்சு அளவோடு இருத்தல் வேண்டும். நாம் 'யூனிட்' என்னும் 100 கன அடியை அங்கே 'பிராஸ்' என்பர். 10 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழமுள்ள குழி 5 பிராஸ். வெட்டிய மண் பொலபொலத்துப் பெருகுவதால், லாரியில் அதுவே 6 பிராஸ் ஆகிவிடும். கூலி குழியளவிலா, லாரியளவிலா என்பதை முன்னரே எழுதிக்கொள்வோம். மண் கொட்டும் இடத்தையும், மழைநீர் வீட்டைவிட்டு வெளியே ஓடுமாறு தரைக்குத் தரவேண்டிய வாட்டத்தையும் அதில் சேர்ப்போம்.

ஒன்று மட்டும் பேரத்திற்கு உரியதன்று. 5 அடிக்கு மேற்பட்ட குழியில், பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடாமல் எவரையும் இறக்கலாகாது. நம் வீட்டின் அடித்தளத்தில் பிறர் உயிர் புதையலாகாதன்றோ?