ஊரில் வாழ்பவருக்கே பங்கு! – இந்தோனேஷியாவின் பொங்கோக் கிராமம் சொல்லும் முதலீட்டுக் கணக்கு

இந்தோனேஷியாவின் மத்திய ஜாவாவில், யோக்யகார்த்தா, சோலோ ஆகிய இரு நகரங்களுக்கு நடுவில் இருக்கிறது கிளாத்தென் மாவட்டம். அதில் போலன்ஹார்ஜோ வட்டாரத்தைச் சேர்ந்த சின்ன ஊர், பொங்கோக். மொத்தப் பரப்பு 200 ஏக்கருக்கும் குறைவு. மக்கள்தொகை சுமார் 2,000. பாலித் தீவுக்குச் சுற்றுலா போய் வருபவர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆனால், ஒரு கிராமத்தில் யார் பணம் போடலாம், எதில் போடலாம், லாபம் யாருக்குப் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஊரிடம் தெளிவான பதில் இருக்கிறது.

வெளிநாட்டில் மலிவாக நிலம் கிடைக்கிறது, வாங்கிப் போட்டால் லாபம் கொட்டும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இந்தோனேஷியக் கிராமங்களைப் பற்றியும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்புவதற்கு முன்பு, பொங்கோக் எப்படி வளர்ந்தது, அந்த நாட்டு நிலச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எரிமலை கொடுத்த தண்ணீர்

மெராப்பி, மெர்பாபு என்ற இரண்டு எரிமலைகளின் சரிவில் பெய்யும் மழை, எரிமலை மணலுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளியே வருகிறது. இப்படிப்பட்ட ஊற்றை ஜாவா மொழியில் 'உம்புல்' என்கிறார்கள். போலன்ஹார்ஜோ வட்டாரத்தில் இத்தகைய ஊற்றுகள் பல உண்டு. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கிளாத்தென் பகுதி கரும்புக்கும் புகையிலைக்கும் பேர்போனது. இன்று இது நெல் பூமி. பக்கத்து வட்டாரமான தெலாங்குவில் விளைந்த 'ரோஜோலெலே' என்ற வாசனை அரிசிக்கு நாடு முழுக்க மவுசு உண்டு. ஆனால், அது ஐந்து மாதப் பயிர். பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். அதனால் விவசாயிகள் குறுகிய கால ரகங்களுக்கு மாறினார்கள். அந்நாட்டு அணுசக்தி முகமை, கதிர்வீச்சு மூலம் இதே ரகத்தைச் சீர்திருத்தி, சுமார் நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும் 'ஸ்ரீனார்', 'ஸ்ரீனுக்' என்ற இரண்டு ரகங்களை 2019-ம் ஆண்டு வெளியிட்டது.

ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வருடத்துக்கு மூன்று போகமும் நெல்லையே போட்டதில், 2010, 2011 ஆண்டுகளில் கிளாத்தென் மாவட்டத்தில் புகையான் பூச்சி பெருகி, வயல் வயலாகக் காய்ந்தது. இடைவெளி விடாமல் ஒரே பயிரைப் போட்டால் பூச்சிக்கு ஆண்டு முழுக்கத் தீனி கிடைத்துவிடும்.

பொங்கோக்கிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும், வசதியற்ற கிராமங்களில் ஒன்றாகத்தான் அது இருந்தது. ஊருக்கு நடுவில் இருந்த ஊற்றுக்குளம் குளிக்கவும், துணி துவைக்கவும், மாடு கழுவவும், வயலுக்குப் பாய்ச்சவும் பயன்பட்டது. அதில் வருமானம் என்று எதுவும் இல்லை.

2009-ல் மாறிய கணக்கு

அந்தக் குளத்தை ஊரின் சொத்தாகக் கருதி, ஊரே தொழில் நடத்தலாம் என்று முடிவெடுத்தார் அப்போதைய ஊராட்சித் தலைவர் ஜுனைடி முல்யோனோ. 2009-ம் ஆண்டு 'திர்த்தா மண்டிரி' என்ற பெயரில் ஊராட்சித் தொழில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 'திர்த்தா' என்பது நம்முடைய தீர்த்தம்தான். 'மண்டிரி' என்றால் தன் காலில் நிற்பது. இப்படி ஊராட்சிகள் நடத்தும் நிறுவனங்களை அந்த நாட்டில் 'பும்தெஸ்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

குளத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கண்ணாடி போன்ற தண்ணீர், மணலும் கல்லுமான இயற்கை அடித்தளம், கூட்டம் கூட்டமாக மீன்கள். தரைக்கு ஓடு பதித்து நீச்சல் குளமாக மாற்றாமல், இருந்தபடியே விட்டார்கள். தண்ணீருக்கு அடியில் மோட்டார் சைக்கிள், நாற்காலி, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றை வைத்து, மீன்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அந்தப் படங்கள் செல்போன் வழியாகப் பரவின. நுழைவுக் கட்டணம், மூச்சுக்குழாயும் கண்ணாடியும் வாடகைக்கு, படம் எடுக்கக் கட்டணம் என வருமானம் பெருகியது. ரம்ஜான் நோன்புக்கு முன்பு ஊற்று நீரில் குளிக்கும் 'படுசான்' என்ற வழக்கம் ஜாவாவில் உண்டு. அந்த நாள்களில் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

வருமானத்தை ஒரே இடத்தில் முடக்கவில்லை. திலாப்பியா மீன் வளர்ப்பு, ஊர்க்கடை, சேமிப்பு-கடன் பிரிவு, குடிநீர் வினியோகம், உணவகம் என ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்கிறோமே, அதுதான் திலாப்பியா. ஓடும் தண்ணீரில் வளரும் இந்த மீனுக்கு அந்த வட்டாரத்து உணவகங்களே நல்ல சந்தை.

பங்குக்கும் வரம்பு உண்டு

தொழிலை விரிவாக்கப் பணம் தேவைப்பட்டபோது, வெளியூர் முதலாளியைத் தேடவில்லை. ஊர் மக்களிடமே பங்குத்தொகை கேட்டார்கள். ஒரு குடும்பம் அதிகபட்சம் 50 லட்சம் ரூபியா வரை போடலாம் என்று வரம்பும் வைத்தார்கள். பெரிய தொகை போலத் தெரிந்தாலும், நம் பணத்தில் இது ஏறக்குறைய 26,000 ரூபாய்தான். வசதி படைத்த நான்கு பேர் மொத்தப் பங்கையும் வளைத்துப்போடாமல் தடுத்தது இந்த வரம்பு. பங்கு போட்ட குடும்பங்களுக்கு லாபத்தில் பங்கு கிடைக்கிறது. ஊராட்சிக்கு வரும் பங்கிலிருந்து, 'ஒரு வீட்டுக்கு ஒரு பட்டதாரி' என்ற திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரப்படுகிறது. அதனால், பங்கு போட முடியாத குடும்பத்துக்கும் ஊற்றின் பலன் போய்ச் சேர்கிறது.

நாட்டுச் சட்டமும் பின்னாலேயே வந்தது. 2014-ம் ஆண்டின் கிராமச் சட்டம் (எண் 6), ஊராட்சிகளுக்குத் தொழில் நடத்தும் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. 2015 முதல் மத்திய அரசின் நிதியில் ஒரு பகுதி 'டானா டேசா' என்ற பெயரில் 74,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் கணக்குக்குப் போகிறது. 2021-ம் ஆண்டின் அரசு விதி, ஊராட்சி நிறுவனங்களைத் தனிச் சட்ட அமைப்பாக அங்கீகரித்தது. ஊராட்சியும் ஊர் மக்களும் முதல் போடலாம். முக்கியமான முடிவுகளை ஊர்க்கூட்டம் எடுக்க வேண்டும் என்பது அந்த விதியின் சாரம்.

வெளிநாட்டவர் நிலம் வாங்கலாமா?

முழு உரிமையோடு வாங்க முடியாது. இந்தோனேஷியாவின் அடிப்படை நிலச் சட்டம் (எண் 5) 1960 செப்டம்பர் 24 அன்று வந்தது. அந்த நாளைத்தான் அங்கே விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையைத் தனிநபர்களில் அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்க முடியும். வாரிசு வழியில் வெளிநாட்டவர் கைக்கு அந்த உரிமை வந்தாலும், ஓராண்டுக்குள் அதை விட்டுவிட வேண்டும்.

உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர்கள் ஆசை காட்டுவார்கள். அதே சட்டத்தின் 26-வது பிரிவைப் படித்தால் அந்த ஆசை போய்விடும். நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு முழு உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. நிலமும் போய், பணமும் போய், வழக்குப் போடவும் வழியில்லாத நிலை வரும்.

சட்டப்படி இருக்கும் வழிகளில் சில இவை.

* தங்கும் அனுமதி பெற்ற வெளிநாட்டவர், 'ஹக் பாக்காய்' எனப்படும் பயன்பாட்டு உரிமையின் கீழ் வீடு வைத்துக்கொள்ளலாம். முதலில் 30 ஆண்டுகள், நீட்டிப்பு 20, புதுப்பித்தல் 30 என இதற்குக் கால வரம்பு உண்டு. வீட்டுக்குக் குறைந்தபட்ச விலையும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

* பெரிய அளவில் விவசாயம் செய்ய, அரசு நிலத்தில் 'ஹக் குனா உசாஹா' என்ற சாகுபடி உரிமை இருக்கிறது. குறைந்தபட்சப் பரப்பு 5 ஹெக்டேர். அந்நாட்டுக் குடிமகனோ, அந்நாட்டுச் சட்டப்படி பதிவான நிறுவனமோதான் இதைப் பெற முடியும்.

* வெளிநாட்டு முதலீட்டில் நிறுவனம் தொடங்க, நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நம் பணத்தில் இது 5 கோடி ரூபாயைத் தாண்டும். சிறு விவசாயிக்கு இது எட்டாத உயரம்.

உள்ளூர்க்காரருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. விவசாய நிலம் வைத்திருப்பவர், நிலம் இருக்கும் அதே வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும் என்கிறது 1961-ம் ஆண்டின் நிலச் சீர்திருத்த விதி. நடைமுறையில் இதை மீறுபவர்கள் உண்டு என்றாலும், உழுபவரிடமே நிலம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். ஒத்திக்குக் கொடுத்த வயலுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டால், பணம் எதுவும் வாங்காமல் வயலை உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஏழு ஆண்டு விளைச்சலிலேயே கடன் தீர்ந்துவிட்டது என்பது இதன் பின்னால் இருக்கும் கணக்கு.

ஊரோடு ஒத்து வாழ்வது

ஜாவா கிராமத்தில் குடியேறுபவர் முதலில் பார்க்க வேண்டியது 'ஆர்.டி.' என்று அழைக்கப்படும் தெருத் தலைவரை. வீட்டில் வெளியாள் தங்கினால் ஒரு நாளுக்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற அறிவிப்புப் பலகையைத் தெருமுனைகளில் பார்க்கலாம். வாய்க்கால் தூர்வாருவது, பாதை சீர்செய்வது போன்ற பொதுவேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வருவது வழக்கம். இரவுக் காவலுக்கும் முறை வைத்திருக்கிறார்கள். பெண்கள் மாதம்தோறும் 'அரிசான்' என்ற சீட்டுப் பிடிக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பகிர்ந்து கொடுக்க 'உலு-உலு' என்ற நீர்ப்பாய்ச்சி இருந்தது ஜாவாவின் பழைய ஏற்பாடு. ஊராட்சி அலுவலர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக 'பெங்கோக்' என்ற மானிய வயலைக் கொடுக்கும் பழக்கமும் இருந்தது. இந்த ஊர் நிலங்களைத் தனியாருக்கு விற்க முடியாது. இவற்றில் கலந்துகொள்ளாமல், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு வேறு ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஊரில் சொல் செல்லாது.

நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டும்

சுற்றுலாவை நம்பிய வருமானம் ஒரே நாளில் நின்றுபோகலாம். 2020-ல் கொரோனா பரவியபோது இந்தோனேஷியாவின் சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. வயலையும் மீன் குட்டையையும் கைவிடாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அப்போது ஓரளவு பிடிமானம் இருந்தது.

அதைவிடப் பெரிய கேள்வி, ஊற்றே தொடர்ந்து சுரக்குமா என்பது. தண்ணீர் வெளியே வருவது பொங்கோக்கில் என்றாலும், மழை இறங்குவது மேலே எரிமலைச் சரிவில். அங்கே மரங்கள் குறைந்து கட்டடங்கள் பெருகினால், கீழே ஊற்று மெலியும். இதே போலன்ஹார்ஜோ வட்டாரத்தில், பாட்டில் தண்ணீருக்காக ஊற்று நீரை எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். தண்ணீரில் தனியாருக்கு இடம் கொடுத்த 2004-ம் ஆண்டின் நீர்வளச் சட்டத்தை, 2015-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. மக்களின் நீர் உரிமைக்கு முதலிடம் தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. பொங்கோக் போட்டிருக்கும் முதலீட்டின் ஆயுளும், மேலே இருக்கும் ஊர்களில் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே அமையும்.

கையெழுத்துப் போடும் முன்பு...

இந்தோனேஷியக் கிராமத்தில் பணம் போட அழைப்பு வந்தால், நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். பத்திரத்தில் இருப்பது முழு உரிமையா, பயன்பாட்டு உரிமையா? அது யாருடைய பெயரில் இருக்கிறது? அந்த வயல் நெல்லுக்கென்று ஒதுக்கப்பட்டதா? ஏனென்றால், அங்கே 2009-ம் ஆண்டின் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விளைநிலத்தில் வீடோ விடுதியோ கட்ட முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் விலகிக்கொள்வதே புத்திசாலித்தனம். நிலப் பத்திரத்தின் உண்மைத்தன்மையை, மாவட்டத்தில் உள்ள நிலப் பதிவு அலுவலகத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். தரகர் காட்டும் நகலை நம்பக் கூடாது.

பொங்கோக் மக்கள் ஊற்றை விற்கவில்லை. அதைப் பொதுவில் வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைப் போட்டு, கணக்கை ஊர்க்கூட்டத்தில் பார்க்கும்படி செய்தார்கள். குளமோ, ஊற்றோ, மேய்ச்சல் நிலமோ, பொதுச் சொத்து என்று ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும் எந்த ஊரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பங்குக்கு உச்சவரம்பு வைப்பதையும், பங்கு போட முடியாதவருக்கும் பலன் போய்ச் சேர வழிசெய்வதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பணம் சேர்ந்த பிறகு அதை எழுதுவது கடினம்.