உங்களுக்குத் தெரியுமா? படகு ஸ்டார்ட் ஆகுமுன் 4 நிமிடம்!

அமெரிக்காவில் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டப்பட்ட பெட்ரோல் படகுகளில், மூடிய என்ஜின் அறை இருந்தால் காற்றை வெளியேற்றும் மின்விசிறி கட்டாயம். ஸ்டார்ட் செய்யுமுன் 4 நிமிடம் அதை ஓடவிடச் சொல்லும் எச்சரிக்கை, சாவித் துவாரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் கீழே இறங்கிக் கலைந்துவிடும். படகிலோ போக்கிடம் இல்லை. தண்ணீர் மாதிரி அடிவயிற்றில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடித்துவிடும்.

விசிறி இரைகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்புவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்று வெளியேறும் துவாரத்தில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் படபடக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றாதீர்கள், முதலில் விசிறியோடு இணைந்த குழாயைத் தடவிப் பாருங்கள். கம்பிச்சுருள் வைத்த அந்தக் குழாய் கிழிந்தோ, கிளிப்பிலிருந்து நழுவியோ கிடக்கலாம். அதன் வாய் அறையின் அடிப்பகுதியில், ஆனால் தேங்கிய தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும். முங்கிவிட்டால் விசிறி வெட்டியாகச் சுற்றும்.

விசிறி சுற்றவே இல்லையென்றால் ஃபியூஸ், பச்சை பூத்த ஒயர் முனைகள், அப்புறம்தான் மோட்டார்.

மோட்டாரே போய்விட்டால் கார் விசிறியை மாட்டிச் சமாளிக்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். அதன் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் பொறியே ஆவியைப் பற்றவைக்கும். படகு விசிறி, பொறி வெளியே தாவாதபடி செய்யப்பட்டது. டீசல் படகுகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சாதாரண வெப்பத்தில் டீசல் ஆவி அவ்வளவு லேசில் பற்றாது.