முதியோர் கூடத்தில் சரத் காலம்

மனித வாழ்வைப் பருவங்களோடு ஒப்பிடுவது எல்லா நாட்டார்க்கும் பழக்கம். இளமையை வசந்தம் என்பர். முதுமையை இலையுதிர் காலம் என்பர். மேல்நாட்டுக்கு இவ்வுவமை பொருத்தமானதே. அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு, இலைகளை உதிர்த்துவிட்டுக் குளிருக்குக் காத்து நிற்கின்றன. அந்நாட்டு முதியோர் இல்லங்களில் அக்காலத்துக்கென்றே பொழுதுபோக்குகள் உண்டு. வண்ணத் தாளில் இலை வெட்டுவார்கள். உலர்ந்த இலைகளை அட்டையில் ஒட்டுவார்கள். பூசணிக்காயில் முகம் தீட்டுவார்கள்.

ஆனால் நம் ஐதராபாத்தில் நடப்பது என்ன? தக்காணத்து மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கின்றன. தமிழர் கூதிர் என்றும் வடமொழியாளர் சரத் என்றும் வகுத்த பருவத்தை ஒட்டி, மழை பெய்து ஓய்ந்த நிலத்தில் இங்கே பூக்கள்தாம் மலர்கின்றன. வேலியோரமெல்லாம் ஆவாரை மஞ்சள் பூக்கும். தரிசுகளில் பண்ணைப் பூ வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிமிர்ந்து நிற்கும். ஆகவே நம் முதியோருக்குக் காகித இலை வேண்டுவதில்லை. இப்பருவத்துக்கு உரிய பூவும் பொம்மையும் சோழியும் நம்மிடமே இருக்கின்றன. அவற்றை நான்கு சுவருக்குள், வயதானவர்களுக்கு ஏற்றபடி எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பார்ப்பவரா, செய்பவரா?

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். அக்டோபர் 1ஆம் நாள் உலக முதியோர் நாள். ஐக்கிய நாடுகள் சபை 1990இல் இதனை அறிவித்தது. 1991 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று மாணவர் குழுவொன்று முதியோர் இல்லத்துக்குச் சென்றால் என்ன நடக்கிறது? இளைஞர் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், பிஸ்கட்டும் பழமும் வழங்குகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். முதியவர்கள் வரிசையாக நாற்காலியில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். அன்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் செய்ய ஒரு வேலையும் இல்லை. முடிவு செய்ய ஒரு பொருளும் இல்லை.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளநூல் அறிஞர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி அமைப்பது என்பது உங்கள் விருப்பம்" என்று சொல்லி, ஒரு செடியைத் தாமே தேர்ந்து வளர்க்கும்படி கொடுத்தார்கள். மற்றொரு மாடியில் இருந்தவர்களிடம், "எல்லாவற்றையும் ஊழியர் கவனித்துக்கொள்வர்" என்றார்கள். செடிக்கும் செவிலியரே தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, தேர்வும் பொறுப்பும் பெற்றவர்களே மற்றவர்களைவிட மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையவர்களாக இருந்தனர். ஆய்வு சிறியது, எனினும் அதன் கருத்துப் பெரியது. முதியவருக்குப் பொழுது போக வேண்டும் என்பதைவிட, தம் பொழுதைத் தாமே ஆள வேண்டும் என்பதே முக்கியம்.

பூ அடுக்குதல்

தெலுங்கானாவின் பதுகம்மா விழா, மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் நடப்பது. 2014இல் தனி மாநிலம் அமைந்தபின் இது மாநில விழாவாக அறிவிக்கப்பட்டது. தட்டில் இலை பரப்பி, அதன்மேல் ஆவாரை, பண்ணைப் பூ, சாமந்தி ஆகியவற்றை வட்டம் வட்டமாக, மேலே செல்லச் செல்லக் குறுகும்படி கோபுரம்போல் அடுக்குவார்கள். நம் ஆவாரையைத் தெலுங்கர் 'தங்கேடு' என்றும், பண்ணைப் பூவைக் 'குனுகு' என்றும் சொல்வர். உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா.

இதை மேசைமேல் செய்யலாம். சக்கர நாற்காலியின் கைப்பிடி உள்ளே நுழையும் உயரத்தில் மேசை இருக்க வேண்டும். காம்பு நறுக்குவதை இளைஞர் செய்யட்டும். எந்த வட்டத்துக்கு எந்த நிறம் என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். விரல் நடுங்குபவருக்குச் சாமந்தி போன்ற பெரிய பூ எளிது. சுற்றி நின்று கும்மியடிப்பதை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தபடியே நடத்தலாம். மகரந்தம் ஒவ்வாதவர்களை முன்பே கேட்டறிதல் நலம். தரையில் ஒரு துளித் தண்ணீரும் சிந்தக்கூடாது.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இல்லங்களில் வாழும் பாட்டிமார்களில் கணவரை இழந்தவர்கள் பலர். மங்கல காரியங்களில் அவர்களை ஒதுக்கி வைத்த பழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. பூத்தட்டைக் கண்டதும் தாமாகவே பின்னுக்கு நகர்ந்து அமரும் அம்மையாரை நான் பார்த்திருக்கிறேன். முதற்பூவை அவர் கையில் கொடுங்கள். 'பதுகு' என்றால் தெலுங்கில் 'வாழ்' என்று பொருள். வாழ்க என்று பெயர் தாங்கிய விழாவில் யாரை விலக்குவது?

கொலுவும் நினைவும்

அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. நம் கொலுவே தெலுங்கரின் 'பொம்மல கொலுவு'. பண்ருட்டி மண் பொம்மையோடு கொண்டபல்லி, நிர்மல் மர பொம்மைகளும் ஒரே படியில் நிற்பது இவ்வூர்க் கொலுவின் அழகு. படி கட்டுவதும் பெட்டி தூக்குவதும் இளைஞர் வேலை. எந்தப் படியில் எந்தப் பொம்மை என்பது முதியோர் கட்டளை.

பொம்மையைக் கையில் எடுத்தால் பேச்சு தானே வரும். பழையதையே பேசுவது மூப்பின் தளர்ச்சி என்று எண்ணிய காலம் உண்டு. ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963இல் அதை மறுத்தார். வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது முதுமையின் இயல்பான மனத்தொழில் என்பது அவர் கருத்து. ஆகவே, "இது எந்த ஊர் பொம்மை?" என்று கேளுங்கள், பிறகு காது கொடுங்கள். சுண்டலுக்கு எவ்வளவு உப்பு என்பதையும் அவர்களே சொல்லட்டும். நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பைவிடச் சுண்டல் ஏற்றது.

சோழி பேசும் மொழி

விளையாட்டுக்கு வருவோம். நம் பல்லாங்குழியைத் தெலுங்கர் 'வாமன குண்டலு' என்பர். பரமபதம் அவர்களுக்கு 'வைகுண்டபாளி'. நம் தாயத்துக்கு உறவான ஆட்டம் 'அஷ்டா சம்மா'. உருது பேசும் பெரியவர்க்குப் பச்சீசி பழக்கம். பெயர்தான் வேறு, கை அறிந்த ஆட்டம் ஒன்றே.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிள்ளையின் வேலையை ஒட்டி எழுபது வயதில் இவ்வூருக்கு வந்த தமிழ்ப் பாட்டிக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு அவர் பேச வழியில்லை. ஆனால் பதினான்கு குழிப் பலகையை நடுவில் வைத்துக் குழிக்கு ஐந்தாக எழுபது முத்துக்களை இட்டுவிட்டால், இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று நம்மவர் அள்ளினால், எதிரில் இருப்பவர் விதி கேட்டுச் சண்டை பிடிப்பார். அந்தச் சண்டையே நட்பின் தொடக்கம்!

கண் மங்கியவருக்காகக் குழிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசிக் கருநிறப் புளியங்கொட்டை இடலாம். கை நடுங்குபவருக்குப் பெரிய சோழி கொடுக்கலாம். இவ்விளையாட்டு மறதி நோயைத் தீர்க்கும் என்று சொல்வதற்கில்லை. விரலுக்கு வேலை, எண்ணத்துக்குக் கணக்கு, எதிரே ஒரு மனிதர் — இந்த மூன்றும் கிடைக்கும் என்பது உறுதி. தோற்பதற்கும் உரிமை உண்டு. இரக்கத்தால் விட்டுக்கொடுத்து அவர்களைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

வன்னி இலை

இலை இல்லாத சரத் காலமா என்று சிலர் கேட்கலாம். இலையும் உண்டு. தசராவன்று தெலுங்கானா மக்கள் வன்னி இலையைப் பொன் என்று கூறி ஒருவருக்கொருவர் வழங்குவர். இளையோர் அதைப் பெரியோர் கையில் வைத்து வணங்கி வாழ்த்துப் பெறுவர். அதை 'ஜம்மி' என்பார்கள். காகித இலைக்கு வாழ்த்தத் தெரியாது. இந்த இலையைப் பெறுகிறவரோ, பெற்ற கையாலேயே வாழ்த்தும் தருகிறார். கொடுப்பவர் நாம் மட்டும் அல்லர் என்பதை இதைவிட எளிதாக உணர்த்த முடியாது.

2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர் பத்துக் கோடிக்கு மேல். இவர்களுக்கெல்லாம் நம் சங்கம் என்ன செய்துவிட முடியும் என்று மலைக்க வேண்டாம். வரும் நவராத்திரியில் ஒன்பது மாலைகள் இருக்கின்றன. மாலைக்கு இருவராகப் பதினெட்டுப் பேர் முன்வந்தால், ஒரே இல்லத்தில் ஒன்பது நாளும் தொடர்ந்து ஆட்டம் நடக்கும். ஒருநாள் கூட்டமாகப் போய் வருவதைவிட, ஒன்பது நாள் இருவராகப் போவது மேல். ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு படி சோழி, ஒரு கூடை ஆவாரம்பூ — செலவு அவ்வளவே. அன்பர்கள் தங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் விரைவில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.