பாயை மறந்த பயணம்
திருவையாற்று இசைவிழாவுக்கு முதன்முறை செல்வோருக்குச் சில இயற்பியல் குறிப்புகள்

2019 ஜனவரியில் என் தந்தையாரைத் திருவையாற்றுக்கு அழைத்துச் சென்றேன். தியாகராஜ சுவாமிகளின் சமாதியின்முன் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஆகவே, ஏற்பாட்டில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று எண்ணி, கனமான கம்பளி, குல்லாய், மஃப்ளர், இரண்டு நாளைக்குப் பலகாரம் என்று ஒரு பெரிய பெட்டியை நிரப்பினேன். பாய் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

இரவுக் கச்சேரியின்போது பந்தலின் ஓரத்தில், ஆற்றுப்பக்கமாக, மணலில் ஒரு துண்டை விரித்து அமர்ந்தோம். கம்பளி அவர் தோளில் இருந்தது. பத்து மணி இருக்கும். "குளிர் கீழேயிருந்துதாண்டா ஏறுது" என்றார். நான் கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டேன். மறுநாள் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டு அவரால் கால் மடக்கி உட்கார இயலவில்லை. பஞ்சமியன்று காலை, தஞ்சாவூரில் விடுதி அறையில் படுத்தவாறே, வானொலியில்தான் அவர் பஞ்சரத்தினம் கேட்டார். வெப்பக் கடத்தலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான்!

இந்த விழாவைப் பற்றி அறியாதவர்களுக்கு ஓரிரு சொற்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமியை இறுதி நாளாகக் கொண்டு ஐந்து நாட்கள் ஆராதனை நடைபெறுகிறது. சமாதியைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாட அனுமதியில்லாத காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவரே. விழாவில் கட்டணம் இல்லை, நாற்காலியை நம்பிப் போகவும் கூடாது. அமர்வது தரையில், காவிரிக் கரையில், இரவு வெகுநேரம் வரை. முதன்முறை செல்பவர் பையில் என்ன வைப்பது என்பதை இந்த மூன்று செய்திகளே முடிவு செய்து விடுகின்றன.

தந்தையார் சொன்னது உணர்வளவில் சரி. ஆனால் குளிர் என்று ஒரு பொருள் இல்லை; அது ஏறுவதும் இல்லை. உடலின் வெப்பம்தான் கீழே இறங்கிப் போகிறது. உடலின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். இரவு மணலோ 20 டிகிரி அளவில் இருக்கும். காற்று வெப்பத்தை மிக அரிதிலேயே கடத்தும் பொருள். தண்ணீர் அதைப்போல ஏறத்தாழ 24 மடங்கு கடத்தும். உலர்ந்த மணலில் துகள்களுக்கு இடையே இருப்பது காற்று. ஆற்றோர ஈரமணலில் அந்த இடைவெளிகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் ஈரமணல் உலர்மணலைவிடப் பன்மடங்கு விரைவாக நம்மிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவர் இந்த இழப்பைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருக்கிறார்.

கம்பளி கதகதப்பாக இருப்பது கம்பளியால் அன்று. அதன் இழைகளுக்குள் சிறைப்பட்ட காற்றால். உட்காரும் இடத்தில் உடலின் எடை அந்தக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். நனைந்தால் சொல்லவே வேண்டாம். கோரைப்பாயின் சிறப்பு இங்கேதான். கோரைத் தண்டின் உட்புறம் பஞ்சுபோன்ற காற்றறைகளால் ஆனது. எடையைத் தாங்கிக்கொண்டு காற்றையும் காத்துக்கொள்ளும். நான் இப்போது செய்வது இது: அடியில் ஒரு பாலித்தீன் தாள், ஈரம் மேலே வராமல் தடுக்க. பழைய உரச்சாக்கைக் கழுவிப் பிரித்து விரித்தாலும் போதும். அதன்மேல் நான்கைந்து மடிப்பாகச் செய்தித்தாள், மேலே பாய். வயதானவர்களுக்குப் பாயின்மேல் ஒரு ஜமுக்காளம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பாய்க்கு மேலே பாலித்தீனைப் போட்டால் பாய் நனையும். உங்கள் வியர்வையும் போக வழியின்றித் தேங்கும்.

அடுத்தது பனி. தஞ்சைப் பகுதியில் ஜனவரிப் பகலில் வெப்பநிலை 30 டிகிரியை நெருங்கும். இரவில் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிக அளவாக 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். பகலில் ஒரு கனமீட்டரில் 18 கிராம் இருந்தது என்று கொள்வோம். அது 60 விழுக்காடு ஈரப்பதம். நமக்கு ஒன்றும் தெரியாது. இரவில் 20 டிகிரிக்கு வந்தவுடன் மிச்சமுள்ள ஒரு கிராம் எங்கே போகும்? திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எல்லாப் பொருள்களும், உங்கள் தலைமுடி, பை, விரிப்பு உட்பட, வெப்பத்தைக் கதிர்வீசிச் சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றின்மேல் அது பனித்துளியாகப் படிகிறது. பந்தலின் கூரை அந்தக் கதிர்வீச்சில் பெரும்பகுதியை நமக்கே திருப்பித் தருவதால் கூரையின் கீழே பனி குறைவு. எனவே காற்றோட்டமாக இருக்கிறதே என்று இரவில் பந்தலுக்கு வெளியே அமராதீர்கள். அமர்ந்தே ஆக வேண்டுமானால் தலையில் ஒரு பருத்தித் துண்டு போதும். அது உங்களுக்கு ஒரு சிறு பந்தல்.

இவ்வளவு குளிரைப் பற்றிச் சொன்னதால் பகலுக்கும் கம்பளியோடு கிளம்பிவிடக் கூடாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஆயிரம் பேர் கூடினால் ஒரு லட்சம் வாட். பஞ்சமிக் காலையில் நெருக்கியடித்து உட்காரும்போது இதை நன்றாக உணரலாம். அந்த 100 வாட்டையும் வியர்வை ஒன்றாலேயே போக்குவதாகக் கொண்டால் மணிக்குச் சுமார் 150 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 600 கிராம். ஆகவே ஒரு காலைப் பொழுதுக்கு ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதுமானது. இரண்டு மூன்று பாட்டில்களைச் சுமப்பது வீண். உடையும் அப்படியே: தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். பகலில் பருத்திச் சட்டை. இரவில் அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர். இரண்டுக்கும் இடையே சிக்கும் காற்றடுக்கு காசில்லாமல் கிடைக்கும் மூன்றாவது சட்டை.

பெட்டி வேண்டாம். பெட்டியைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் உடல் ஒருபக்கம் சாயும். தோளில் மாட்டும் பையே நல்லது, அதுவும் அகலமான பட்டை உள்ளதாக. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. இரண்டு சென்டிமீட்டர் பட்டையைவிட ஐந்து சென்டிமீட்டர் பட்டை தோளை இரண்டரை மடங்கு குறைவாக அழுத்தும். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்கு வெளியே குவியலில் விட்டுவிட்டு, பிறகு தேடுவதற்கு இயற்பியலில் தீர்வு இல்லை.

இனி எங்கே உட்காருவது? முன்னால் இடம் பிடிக்கும் ஆர்வத்தில் பலர் ஒலிபெருக்கியின் காலடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதே காதுக்கு எல்லை என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்குக் கால் மணி. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் நமக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் தப்பிக்கும் வழியும் எளிது. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 2 மீட்டரில் இருப்பவர் 8 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபெல் குறைவு. கேட்கக்கூடிய நேரம் 16 மடங்காகிறது. பந்தலுக்குள் எதிரொலிப்பால் இந்தக் கணக்குச் சற்று மாறும் என்றாலும் நகர்வதால் பயன் உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காதில் பஞ்சு வைப்பது ஓரிரு டெசிபெல் வேறுபாட்டையே தரும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைச்செருகியைச் சரியாகப் பொருத்தினால் 20 டெசிபெல் வரை குறையும். கச்சேரிக்குப் பின் காதில் 'ங்' என்று ரீங்காரம் கேட்டால், மறுநாள் இடத்தை மாற்றுங்கள்.

பஞ்சரத்தினத்தைக் கேட்பதோடு நில்லாமல் சேர்ந்து பாட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். உங்களிடமிருந்து 34 மீட்டர் தொலைவில் பாடுகிறவரின் குரல் பத்தில் ஒரு விநாடி தாமதித்து வரும். தட்டுக்கு ஒரு விநாடியாக, தட்டுக்கு நான்கு சுரமாகப் பாடும்போது ஒரு சுரத்துக்குக் கால் விநாடிதான். அதில் பத்தில் ஒரு விநாடி என்பது கிட்டத்தட்ட அரைச் சுரம்! காதால் கேட்டு அதைத் தொடர்கிறவர் பின்தங்குவார். அவரைக் கேட்டு அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் பின்தங்குவார். ஒளிக்கோ அந்த 34 மீட்டரைக் கடக்க விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் வித்துவான் ஒருவரின் கையைப் பாருங்கள். தாளத்தைக் கண்ணால் வாங்குங்கள். பையில் சாகித்தியப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லதுதான். அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாடுகிறவர்கள்தாம் பெரும்பாலும் தாளம் தப்புகிறார்கள். வரிகளை வீட்டிலேயே நெட்டுருப் போட்டுவிட்டுப் போவது உத்தமம்.

டார்ச் விளக்கு வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டார். பஞ்சாங்கமே விடை சொல்லும். பகுள பஞ்சமி என்பது பௌர்ணமிக்குப் பின் ஐந்தாம் நாள். பௌர்ணமி நிலவு மாலை ஆறு மணி அளவில் எழும். அதன்பின் நாளொன்றுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதம். ஐந்து நாளைக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக, பஞ்சமியன்று ஏறத்தாழ பத்து மணி வரை நிலவு இல்லை. விழா தொடங்கும் நாளிலோ மாலையிலேயே நிலவு வந்துவிடும். ஒவ்வோர் இரவும் முன்னிரவு இருட்டு நீண்டுகொண்டே போகும் விழா இது! கைப்பேசியில் விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பெருங்கூட்டத்தில் அலைத்தொடர்பைத் தேடித் தேடியே கைப்பேசியின் மின்கலம் வேகமாகத் தீர்ந்துவிடும். சிறிய டார்ச் ஒன்று தனியே இருக்கட்டும். உடன் வந்தவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் கைப்பேசியை நம்பாமல் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நாள் சந்திரனைப் பொறுத்தது என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சமி 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. திருவையாற்றுக்கு ரயில் இல்லை. தஞ்சாவூரில் இறங்கி, பதின்மூன்று கிலோமீட்டர் அளவில் பேருந்துப் பயணம். ஐந்து ஆறுகளையும் வழியிலேயே பார்த்துவிடலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி பொங்கலை ஒட்டி வந்தால் அந்த முதல் நாளிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

2020-இல் அப்படித்தான் வந்தது. பஞ்சமி ஜனவரி 15, பொங்கலன்றே. அந்த ஆண்டு தந்தையாரை மீண்டும் அழைத்துச் சென்றேன். பெட்டி இல்லை, இரண்டு தோள்பைகள், ஒரு பாய். பாயை அவரே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை. நாட்டை தொடங்கி ஸ்ரீராகம் முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. திரும்பும்போது பேருந்தில் இடம் கிடைக்க வெகுநேரமாயிற்று. சாலையோரத்தில் பாயை விரித்துக்கொண்டோம்.