கடலை ஒத்துக்காதுன்னா பருப்பும் ஆகாதா?

இந்த வாரக் கேள்வி பீளமேட்டிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. "பையனுக்கு நிலக்கடலை அலர்ஜி. ஸ்கின் டெஸ்ட்ல துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும்கூட பாசிட்டிவ். இனி அரிசிம்பருப்பு சாதமே கூடாதுங்களா?"

நம்ம ஊர்ச் சமையல்ல துவரை, கொள்ளு, தட்டைப்பயறு எல்லாத்தையும் எடுத்துட்டா தட்டுல மிச்சம் என்ன இருக்கும்? அதனால கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

நிலக்கடலை பயறுக் குடும்பம். அதன் விதைப் புரதங்களும் மற்ற பயறுகளின் புரதங்களும் அண்ணன் தம்பி மாதிரி, சாயல் ஒன்று. கடலைக்காக உடம்பு உருவாக்கிய ஐஜிஈ என்ற எதிர்ப்புரதம், சாயலைப் பார்த்து துவரையையும் பிடித்துக்கொள்ளும். இதுதான் குறுக்கு எதிர்வினை. ஆனா டெஸ்ட் காட்டுவது 'பிடிக்குது' என்பதை மட்டும். சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது வேற கதை. 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பயறு டெஸ்ட் பாசிட்டிவ் ஆன 69 பேருக்கு மருத்துவர்கள் முன்னிலையில் உண்ணக் கொடுத்தார்கள். 41 பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பயறால் பாதிக்கப்பட்டவர்கள் 2 பேர்தான்.

எல்லாப் பயறும் அப்படி இல்லை. மைசூர் பருப்பு, கொண்டைக்கடலை, பட்டாணி மூணும் ரொம்ப நெருக்கம். ஒன்று ஆகாதவருக்கு இன்னொன்றும் ஆகாமல் போவது சகஜம். பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலைதான், சட்னியில் மறந்துடாதீங்க.

நம்ம பேர் வைக்கிற விதமும் குழப்பும். முந்திரிப் 'பருப்பு' பருப்பே இல்லை, மாமரக் குடும்பம். முந்திரி ஆகாதவர் பிஸ்தாவுக்குப் பயப்படணும். சொந்தம் எங்கெல்லாம் போகுதுன்னா, 2007-ல் டெல்லி ஆய்வாளர்கள் சீமைக்கருவேல மகரந்தத்துக்கும் டபுள் பீன்ஸுக்கும் இடையிலேயே குறுக்கு எதிர்வினை இருப்பதைக் காட்டினார்கள். ரெண்டும் பயறுக் குடும்பம்!

சரி, பையன் விஷயம். இதுவரை துவரம்பருப்பை நல்லாவே சாப்பிட்டு வந்தவன் என்றால், டெஸ்ட் பேப்பரை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டியதில்லை. இதுவரை சாப்பிடாத பயறுன்னா வீட்டில் சோதிக்காதீங்க, அலர்ஜி மருத்துவர் முன்னால்தான். மூச்சுத் திணறினால் உடனே 108.

இன்னொன்று, மரச்செக்குக் கடலை எண்ணெய். நல்லா சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் தங்கும். இந்தப் பையன் வீட்டுக்கு அது வேண்டாங்க.